டிபி-லிங்க் ஒமாடா ஈஏபி610: விருந்தினர் வைஃபையையும் பில் கம்ப்யூட்டரையும் பிரித்து வைக்க உதவுமா?

பாண்டிச்சேரி ஒயிட் டவுனில் பத்து அறை விடுதி, நேரு வீதியில் துணிக்கடை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளினிக். மூன்று இடத்துக்கும் வைஃபையில் தேவை ஒன்றுதான். வருகிறவர்களுக்கு இணையம் கிடைக்க வேண்டும், ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரும் கேமரா பதிவுப் பெட்டியும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. டிபி-லிங்கின் ஒமாடா வரிசையில் வரும் ஈஏபி610 இந்த வேலைக்குச் சரிப்படுமா என்று அதன் பாதுகாப்பு வசதிகளை வைத்துப் பார்த்தோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்ல கருவி. ஆனால் பாதுகாப்பு வேலையில் பாதிதான் அது செய்யும். மீதிப் பாதி அதன் பின்னால் இருக்கும் சுவிட்சும் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) ரவுட்டரும் செய்ய வேண்டியது. அவற்றுக்கும் சேர்த்துச் செலவு செய்ய முடிந்தால் வாங்குங்கள்.

கூரையில் பொருத்தும் வைஃபை 6 வகை ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபையைப் பரப்பும் பெட்டி இது. ஏஎக்ஸ்1800 என்று போட்டிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 574, 5 கிகாஹெர்ட்ஸில் 1201 மெகாபிட் என்ற கணக்கு. கிகாபிட் போர்ட் ஒன்று. மின்சாரம் பிஓஇ வழியாக லேன் கேபிளிலேயே ஏறும், 12 வோல்ட் அடாப்டரும் போடலாம். வன்பொருள் பதிப்பைப் பொறுத்து மின் தேவை மாறக்கூடும் என்பதால் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்துவிட்டு சுவிட்ச் வாங்குவது நல்லது. ஒரு அலைவரிசைக்கு எட்டு வைஃபை பெயர் வரை வைக்கலாம். மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு பெயரும் தன்னை அறிவிக்க நொடிக்குப் பத்து முறை காற்றை எடுத்துக்கொள்கிறது, வேகம் அதில் கரையும்.

கடவுச்சொல்லும் டபிள்யூபிஏ3-உம்

பாண்டியிலும் கடலூரிலும் கடை வைஃபையின் கடவுச்சொல் பெரும்பாலும் கடையின் மொபைல் எண். இது எவ்வளவு பலவீனம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வைஃபையின் பழைய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வில் ஒரு போன் இணையும்போது காற்றில் போகும் நான்கு செய்தி கைகுலுக்கலைப் பிடித்துக்கொண்டால் போதும், கடவுச்சொல்லை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்கலாம். 2018-இல் வெளியான முறையில், பிஎம்கேஐடி என்ற சாவி அடையாளத்தைக் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டிடம், யாரும் இணையும் வரை காத்திருக்கவும் வேண்டாம். 6 முதல் 9 வரை உள்ள எண்ணில் தொடங்கும் பத்து இலக்க மொபைல் எண்கள் மொத்தம் 400 கோடி. ஆர்டிஎக்ஸ் 4090 வகை கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 25 லட்சம் ஊகங்களைச் சோதிக்கும். அத்தனை எண்களும் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். போர்டில் எழுதியிருக்கும் எண்ணையே முதலில் போட்டுப் பார்க்கிறவனுக்கு அந்த அட்டைகூடத் தேவையில்லை.

அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இந்த வழியை அடைக்கிறது. அதன் எஸ்ஏஇ முறையில் ஒவ்வொரு ஊகத்தையும் ஆக்சஸ் பாயின்ட்டிடமே நேரடியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் உடைக்கப் பிடித்து வைத்த செய்தி உதவாது. விடுதிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. டபிள்யூபிஏ2-வில் எல்லா அறைக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், அது தெரிந்த ஒரு விருந்தினர் பக்கத்து அறைக்காரரின் கைகுலுக்கலையும் பிடித்தால் அவர் அனுப்புவதைப் பிரித்துப் படிக்க முடியும். வரவேற்பறை அட்டையில் அச்சடித்துக் கொடுக்கும் கடவுச்சொல்லுக்கு இது உண்மையான ஆபத்து. எஸ்ஏஇ-யில் ஒவ்வொருவரின் சாவியும் தனி, கடவுச்சொல் தெரிந்தாலும் அடுத்தவர் பேச்சு திறக்காது.

டபிள்யூபிஏ3-உடன் பிஎம்எஃப் என்ற பாதுகாப்பும் கட்டாயமாக வரும். இது இல்லாத வைஃபையில், "இணைப்பைத் துண்டி" என்ற போலிச் செய்தியை மலிவான இஎஸ்பி8266 போர்டு ஒன்றை வைத்தே அனுப்பி எல்லா போனையும் வெளியே தள்ளலாம். எல்லாரும் ஒரே நேரத்தில் துண்டாகி, சில நொடியில் திரும்பி வந்து, மறுபடி துண்டானால் இதையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள்.

சிக்கல் பழைய கருவிகளில் வரும். பழைய பில் பிரிண்டர், வைஃபை கேமரா, சில ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகள் டபிள்யூபிஏ3 வைஃபையைக் கண்டுகொள்ளவே மாட்டா. உடனே எல்லாவற்றையும் டபிள்யூபிஏ2-வுக்கு இறக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது, அதைச் செய்ய வேண்டாம். ஊழியர் வைஃபையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வையுங்கள். பழைய கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் தனிப் பெயர், டபிள்யூபிஏ2, இருபது எழுத்துக் கடவுச்சொல், தனி விலேன் (ஒரே கேபிளில் எண் போட்டுப் பிரித்து ஓடும் தனி வலை). விருந்தினருக்கு இரண்டும் கலந்த முறை, ஏனென்றால் எந்த போன் வரும் என்று சொல்ல முடியாது. கலந்த முறையில் ஒரு போனை டபிள்யூபிஏ2-வுக்கு இறக்கிவிடும் தாக்குதலை 2019-இல் டிராகன்பிளட் ஆய்வு காட்டியது. விருந்தினர் வலை தனியாகப் பிரிந்திருந்தால் அந்தச் சேதம் அங்கேயே நின்றுவிடும்.

பிரித்து வைப்பதுதான் முக்கால் பங்கு

ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் "கெஸ்ட் நெட்வொர்க்" என்ற ஒரு டிக் பெட்டி உண்டு. அதைப் போட்டால் அந்தப் பெயரில் இணைந்தவர்கள் தனியார் ஐபி வரம்பில் உள்ள எந்த முகவரிக்கும் போக முடியாது. 192.168, 10, 172.16 என்று தொடங்கும் உள் முகவரிகள் அடைபட்டு, வெளி இணையம் மட்டும் கிடைக்கும். விலேன் தெரிந்த சுவிட்ச் இல்லாத சிறு கடைக்கு இந்த ஒரு டிக்கே பெரிய உதவி. இணையக் கம்பெனி பெட்டி ஒன்று, இந்த ஆக்சஸ் பாயின்ட் ஒன்று, அவ்வளவுதான் என்றால் இதையாவது கட்டாயம் போடுங்கள். விருந்தினர் அறையிலிருந்து உள் பிரிண்டரில் அச்செடுக்க முடியாது என்று புகார் வந்தால் காரணமும் இதுதான்.

ஆனாலும் இந்தத் தடை ஆக்சஸ் பாயின்ட்டுக்குள் மட்டும் நடப்பது. கேபிளில் வருகிறவரை அது தடுக்காது, ஊழியர் வைஃபையும் கேமராவும் இன்னும் ஒரே வலையில்தான் கிடக்கும். சரியான பிரிவினை வேண்டுமென்றால் விலேன் போட வேண்டும். ஈஏபி610-இல் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு விலேன் எண் கொடுக்கலாம். ஊழியருக்கு 10, விருந்தினருக்கு 20, கேமராவுக்கும் பழைய கருவிகளுக்கும் 30 என்று வைத்துக்கொள்வோம்.

சுவிட்சுக்கு டிஎல்-எஸ்ஜி2008பி பொருந்தும். எட்டு கிகாபிட் போர்ட்டில் நான்கு பிஓஇ+ கொடுக்கும், மொத்தம் 62 வாட். ரவுட்டருக்கு ஈஆர்605. சுவிட்சில் விலேன் அமைக்கும் 802.1க்யூ பக்கத்தில் 10, 20, 30 என மூன்று விலேனையும் உருவாக்கி, ஆக்சஸ் பாயின்ட் போகும் போர்ட்டிலும் ரவுட்டர் போகும் போர்ட்டிலும் மூன்றையும் "டேக்டு" (விலேன் எண் ஒட்டிய தகவல்) ஆக வையுங்கள். கேமரா பதிவுப் பெட்டி செருகிய போர்ட்டில் 30-ஐ "அன்டேக்டு" (எண் ஒட்டாத தகவல்) ஆக்கி, அதே போர்ட்டின் பிவிஐடி-யையும், அதாவது எண் இல்லாமல் உள்ளே வரும் தகவலுக்குக் கொடுக்கும் விலேன் எண்ணையும், 30 ஆக மாற்றுங்கள். பில் கம்ப்யூட்டர் போர்ட்டுக்கும் அப்படியே 10. விலேனில் சேர்த்துவிட்டு பிவிஐடி-யை மறப்பதுதான் இந்த இடத்தில் அதிகம் நடக்கும் தவறு. அப்படி மறந்தால் கருவிக்கு வரும் தகவல் ஒரு விலேனிலும் அது அனுப்பும் தகவல் இன்னொன்றிலும் போய், பிங் போகும் ஆனால் பதில் வராது என்ற நிலையில் நிற்கும். ரவுட்டரில் மூன்று விலேனுக்கும் தனித்தனி வலையும் டிஹெச்சிபி-யும் (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) கொடுங்கள்: 192.168.10, 192.168.20, 192.168.30.

இத்தோடு வேலை முடிந்தது என்று ஏணியை மடக்குகிறவர்கள்தான் அதிகம். முடியவில்லை. ஈஆர்605 தன்னிடம் உள்ள விலேன்களுக்கு நடுவே போக்குவரத்தைத் தானாகவே அனுமதிக்கும். விலேன் போட்ட பிறகும் 20-இல் இருக்கும் விருந்தினர் 30-இல் இருக்கும் கேமரா பெட்டியின் லாகின் பக்கத்தைத் திறக்கலாம். ஃபயர்வால் பகுதியில் ஆக்சஸ் கன்ட்ரோல் விதி எழுதினால்தான் கதவு சாத்தப்படும். 20-இலிருந்து 10-க்கும் 30-க்கும் தடை, 30-இலிருந்து 10-க்கும் 20-க்கும் தடை. கேமராவை ஊழியர் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் 10-இலிருந்து 30-க்குத் தடை வேண்டாம். விருந்தினர் வலையிலிருந்து ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் அடைத்துவிடுங்கள், டிஎன்எஸ்-ஐயும் (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) டிஹெச்சிபி-யையும் மட்டும் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் வைஃபை இணையும், எந்தத் தளமும் திறக்காது.

சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாத இடம் இது. விருந்தினர் வைஃபையில் ஒரு போனை இணைத்து, ஃபிங் மாதிரி ஒரு செயலியால் வலையைத் துழாவுங்கள். பிறகு பிரவுசரில் கேமரா பெட்டியின் முகவரி, பில் கம்ப்யூட்டரின் முகவரி, 192.168.10.1, 192.168.20.1 ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். கடைசி இரண்டையும் பலர் விட்டுவிடுவார்கள். பக்கத்து விலேனில் ரவுட்டருக்கு இருக்கும் கேட்வே முகவரி வழியாகவே ரவுட்டரின் லாகின் பக்கம் திறந்துகொள்ளும் அமைப்புகள் நிறைய. போனுக்கு 169.254 என்று முகவரி வந்தால் அந்த விலேன் ரவுட்டர் வரை போய்ச் சேரவில்லை என்று பொருள், மேலே போகும் போர்ட்டில் டேக் விட்டுப்போயிருக்கும். வேறு விலேனின் முகவரி வந்தால் வைஃபை பெயருக்கு எண் கொடுக்கும் பெட்டியில் பிழை.

நடுவில் எங்காவது சாதாரண ஐந்து போர்ட் சுவிட்ச் ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கட்டடங்களில் படிக்கட்டுக்கு அடியில் ஒன்று நிச்சயம் கிடக்கும். டேக் போட்ட தகவலைச் சில தூக்கிப் போடும், சில அப்படியே கடத்தும். கடத்தினாலும் ஆபத்துதான், அதில் செருகுகிறவருக்கு எல்லா விலேனும் திறந்த கிணறு.

இவ்வளவும் செய்துவிட்டு இணையக் கம்பெனி கொடுத்த பெட்டியின் வைஃபையை அணைக்காமல் விட்டால் எல்லாம் வீண். அதன் பெயர், கடவுச்சொல் அடியில் ஒட்டியிருக்கும், வரவேற்பு மேசையிலேயே அது இருக்கும். உள்ளே போய் இரண்டு அலைவரிசையையும் டபிள்யூபிஎஸ்-ஐயும் (பட்டனை அழுத்தி இணைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள்.

போர்ட்டல், வவுச்சர்

இணைந்ததும் ஒரு பக்கம் திறந்து கடவுச்சொல் கேட்கும் வசதி, அதாவது போர்ட்டல், ஆக்சஸ் பாயின்ட்டைத் தனியாக வைத்தாலும் வேலை செய்யும். அறைக்கு ஒரு வவுச்சர், 24 மணி நேரத்தில் காலாவதி என்ற ஏற்பாட்டுக்கு மட்டும் எல்லா கருவியையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஒமாடா கன்ட்ரோலர் வேண்டும். சென்னை, பெங்களூரிலிருந்து சனி ஞாயிறு வந்து நிறையும் விடுதிக்கு வவுச்சர் மிகவும் பொருந்தும், போன வாரம் வந்தவரின் அனுமதி இந்த வாரம் செல்லாது. கன்ட்ரோலர் மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ் இரண்டுக்கும் இலவசம். அதை பில் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு இரவு பத்து மணிக்கு அணைத்தால், பதினொரு மணிக்கு வரும் விருந்தினருக்கு லாகின் பக்கமே வராது. கன்ட்ரோலர் எப்போதும் ஓட வேண்டும். ஓசி200 என்ற சிறு பெட்டி இதற்காகவே இருக்கிறது, பிஓஇ-யிலேயே ஓடும். விலேன் தடை விதி எழுதியவர்கள் கன்ட்ரோலரின் 8088, 8843 போர்ட்டுகளுக்கு விருந்தினர் வலையிலிருந்து அனுமதி விதியைத் தடைக்கு மேலே வைக்க வேண்டும். வரிசை மாறினால் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

போர்ட்டல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்று நினைத்து வைஃபையைக் கடவுச்சொல் இல்லாமல் திறந்து விடுகிறார்கள். போர்ட்டல் யாரை உள்ளே விடுவது என்று மட்டும் பார்க்கும். காற்றில் போகும் தகவல் மறைக்கப்படாமல்தான் போகும். இரண்டையும் சேர்த்தே வையுங்கள்.

பெட்டியில் இருக்கிறது, பயன் குறைவு

மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய வன்பொருள் எண்) வடிகட்டியை நம்ப வேண்டாம். ஐஓஎஸ் 14-இலிருந்தும் ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் மேக் முகவரியைத்தான் காட்டுகின்றன. அனுமதித்த முகவரியைக் காற்றில் பார்த்து நகலெடுப்பதும் ஒரு நிமிட வேலை. பெயரை மறைத்து வைப்பதும் அப்படித்தான். மறைத்த பெயரை ஊழியர்களின் போன்கள் போகுமிடமெல்லாம் கேட்டுக் கூவிக்கொண்டிருக்கும்.

"ரோக் ஏபி" (அந்நிய ஆக்சஸ் பாயின்ட்) கண்டறிதல் சுற்றிலும் உள்ள வைஃபைகளைப் பட்டியல் போடும், தனியாக ஓடும்போது அதற்கு மேல் எதுவும் செய்யாது. ரோமன் ரோலன் வீதியிலோ சஃப்ரென் வீதியிலோ போட்டால் சுற்றியுள்ள விடுதிகளும் உணவகங்களும் வந்து நிறையும். பட்டியலில் தேட வேண்டியது ஒன்றே ஒன்று: உங்கள் வைஃபை பெயர், உங்களுடையதல்லாத மேக் முகவரியில் தெரிகிறதா? தெரிந்தால் யாரோ போலி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். தேடுவதற்கென்று தனி ரேடியோ இதில் இல்லை.

டபிள்யூபிஏ-என்டர்பிரைஸ் இருக்கிறது, ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுக்கலாம். அந்தப் பெயர்களைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அது சரி. பத்து அறை விடுதிக்குத் தேவையில்லை.

ஃபர்ம்வேரும் நிர்வாகமும்

2024 ஏப்ரலில் சிஸ்கோ டாலோஸ் ஆய்வாளர்கள் இதே வரிசையின் ஈஏபி225-இலும் ஈஏபி115-இலும் ஓட்டைகளை வெளியிட்டார்கள், டிபி-லிங்க் திருத்தமும் கொடுத்தது. நல்ல விஷயம்தான், ஆனால் கூரையில் ஏற்றிய நாளிலிருந்து ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) தொடாத கருவிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேராது. தனியாக வைத்தவர்கள் இந்தியத் தளத்திலிருந்து, லேபிளில் உள்ள வன்பொருள் பதிப்புக்கு உரிய கோப்பை மட்டும் எடுத்து ஏற்றுங்கள். கேபிளில் இணைந்து, சுவிட்சும் ரவுட்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கும்போது செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் கருவி எழாமலே போகலாம்.

அதே அமர்வில் நிர்வாகப் பக்கத்தையும் சரி செய்துவிடலாம். தொலைவிலிருந்து நிர்வகிக்கவும் கண்காணிக்கவும் உதவும் எஸ்எஸ்ஹெச், எஸ்என்எம்பி இரண்டும் அணைந்திருக்கட்டும். நேரத்தை இந்திய நேரத்துக்கு வைத்து என்டிபி (இணையம் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் சேவை) கொடுங்கள், நேரம் தப்பிய பதிவேடு விசாரணையில் ஒன்றுக்கும் உதவாது. பதிவுகளை என்வி-ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமிக்கும் தேர்வைத் திறந்தால் ரீபூட்டுக்குப் பிறகும் இருக்கும், பதிவுகளை வெளியே சேர்த்து வைக்கும் சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புவது அதைவிட நல்லது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கவும், இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. எந்த அறையிலிருந்து எந்த இணைப்பு போனது என்பதை ஆக்சஸ் பாயின்ட் மட்டும் சொல்லாது, ரவுட்டரின் பதிவும் வேண்டும். கிளவுட் வழியாக நிர்வகித்தால் அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு போடாமல் விடாதீர்கள்.

மாட்டும் இடம்

சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் கட்டிய பழைய ஒயிட் டவுன் வீடுகளில் சுவர் கனம். ஒன்றை முழு பவரில் வைத்து வீடு முழுக்கத் தள்ளப் பார்த்தால் உள் அறைக்கு எட்டாது, ஜன்னல் வழியாகத் தெருவுக்கு மட்டும் நன்றாக எட்டும். மாடிக்கு ஒன்று, நடுத்தர பவரில் வைப்பதுதான் சிக்னலுக்கும் பாதுகாப்புக்கும் நல்லது.

கை எட்டும் உயரத்தில் வராந்தாவில் மாட்டாதீர்கள். ரீசெட் துளையில் ஊசியைச் சில நொடி அழுத்தினால் எல்லா அமைப்பும் போய்விடும். அதைவிட மோசம் கேபிளைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகுவது: அந்த போர்ட்டில் மூன்று விலேனும் வருகிறது, டேக் இல்லாமல் நிர்வாக வலையும் வருகிறது. எட்டும் இடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், "மேனேஜ்மென்ட் ஆக்சஸ்" பகுதியில் நிர்வாகம் செய்யும் கம்ப்யூட்டரின் மேக் முகவரியை மட்டும் அனுமதியுங்கள். மேக் முகவரியை நகலெடுக்கத் தெரிந்தவரை இது நிறுத்தாது, சும்மா செருகிப் பார்க்கிறவரை நிறுத்தும்.

பீச் ரோடு, தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த மாடியில் இந்த உள்ளரங்க மாடலை வைக்க வேண்டாம். உப்புக் காற்றில் கேபிள் நுனியின் ஊசிகள் பச்சை பிடிக்கும், பிஓஇ மின்சாரம் ஓடும் ஊசியில் இன்னும் வேகமாகப் பிடிக்கும். கருவி அடிக்கடி தானாக ரீபூட் ஆவதும், கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்குவதும் அதன் முதல் அடையாளங்கள். அங்கே தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரத்தில் வரும் ஈஏபி610-அவுட்டோர் போடுங்கள்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த கடற்கரை இது. மின்னலிலோ மின் ஏற்றத்திலோ கருவி போனால் புதியதை அரை மணியில் எழுப்ப, அமைப்புக் கோப்பைப் பேக்கப் எடுத்துக் கட்டடத்துக்கு வெளியே ஒரு இடத்திலும் வைத்திருங்கள். சுவிட்ச், ரவுட்டர் கோப்புகளையும் சேர்த்து எடுங்கள். பொருத்தித் தந்தவர் வேலையை முடித்துக் கிளம்பும்போது மூன்றின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் அவர் எதிரிலேயே மாற்றி, புதியதை உரிமையாளர் மட்டும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.